முன்பல்லும் பென்சில் சாரும்

அக்கா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரிப்பது அவள் வேலை. ரத்தம் தனி, சாராயம் தனி, வாந்தி தனி. எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். "துவைச்சா போயிடும்டா" என்பாள். அவள் முகம் சுளித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் ஃபேன் ஓடும் சுத்தமான ஓர் அலுவலகத்தில். அவளே இல்லாமல் போன பிறகும் அந்த நாளை நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

அத்தான் கடை போட வாங்கிய கடனுக்கெல்லாம் அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். கடை படுத்தது. அத்தான் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு எழுந்துகொண்டார். கடன்காரர்கள் அக்காவைப் பிடித்தார்கள். ஒரு கடன் தீர்வு அலுவலகம் நடுவில் வந்து, ஐந்து வருஷம் மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் மீதியை விட்டுவிடுவதாக ஏற்பாடு செய்து கொடுத்தது. புதுக்கடன் வாங்கக் கூடாது. கைக்கு வரும் காசையெல்லாம் மாதப் படிவத்தில் எழுத வேண்டும். அவர்கள் பட்டியலில் இல்லாத செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். எதில் தவறினாலும் ஏற்பாடு முறிந்து முழுக்கடனும் வட்டியோடு தலையில் விழும்.

மூன்றாவது வருஷம், அக்காவின் பதினொரு வயது மகள் பள்ளிக்கூடப் படியில் விழுந்தாள். மேல் வரிசையில் ஒரு முன்பல் பாதி உடைந்தது. சில வாரங்களில் அது கறுத்து, ஈறில் சீழ் வைத்தது. வாயைத் திறந்தால் வாடை. வகுப்பில் பக்கத்தில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். அன்றிலிருந்து குழந்தை கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"ரூட் கெனால் பண்ணி மேல மூடி போட்டா பல்லு தங்கும். ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணும்" என்றார் பல் டாக்டரம்மா. "காச கொஞ்சம் கொஞ்சமா குடுங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

"தவணைன்னா அது புதுக்கடன்ல, டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அனுமதி கேட்க மூன்று பேரும் போனோம். எங்கள் கோப்பைப் பார்த்தவருக்கு அக்கா வைத்த பெயர் பென்சில் சார். எதையும் பேனாவால் எழுத மாட்டார். நாளைக்கே அழிக்க வசதியாக இருக்குமே.

"முன்பல்லா? அப்ப அது அழகுச் செலவும்மா." அவருடைய அழகுச் செலவுப் பட்டியலில் முன்பல், சோப்போடும் சீப்போடும் ஒரே வரியில் இருந்தது.

"சீழ் வச்சிருக்கு சார்."

"எங்க, பாப்பா, வாயத் தெற."

காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன் முனையால் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் அக்காவின் முகம் சுளித்தது. நான் பார்வையைச் சுவரில் இருந்த காலண்டருக்குத் திருப்பிக்கொண்டேன்.

"புடுங்கினா எவ்வளவு ஆகும்?"

"பத்துல ஒரு பங்குதான். ஆனா இது விழுந்து மொளைக்கிற பல்லு இல்ல சார்."

"புடுங்கறதுன்னா இப்பவே எழுதித் தரேன். காப்பாத்தணும்னா கமிட்டிக்குப் போகணும்." பென்சிலைத் துடைக்காமலேயே மறுபடி காதில் செருகிக்கொண்டார்.

கமிட்டி கூடுவதற்கு ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரமே நான் பணம் புரட்டிக் கவரில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கட்டியிருந்தால் எந்தப் படிவத்துக்கும் வேலை இருந்திருக்காது. எனக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் எப்போதும் எனக்குக் கொடுத்தே பழகிய அக்கா, ஒரு தடவை என்னிடம் வாங்குவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

அக்கா அதைப் படிவத்தில் எழுதிவிட்டாள்.

"உனக்கென்னக்கா, பைத்தியமா? யாரு எழுதச் சொன்னா?"

"எழுதாம விட்டுக் கண்டுபிடிச்சா, மூணு வருஷம் கட்டினது அத்தனையும் போச்சுடா. புள்ள பல்லுக்குத் தம்பி குடுத்ததுன்னு தெளிவா எழுதியிருக்கேன். படிச்சுப் பாப்பாங்கல்ல?"

படித்துப் பார்த்தார்கள். உபரி வருமானம் என்று சொல்லி அவ்வளவையும் கடனுக்குக் கட்டச் சொன்னார்கள். அக்கா கட்டினாள்.

நான் மறுபடி கடன் வாங்கி, இந்த முறை நேரே டாக்டரம்மாவிடம் ஓடியபோது ஏழு வாரம் ஆகியிருந்தது. அவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வேரே கரைஞ்சு போச்சு. இனிமே புடுங்கத்தான் முடியும்." அன்று மாலை கமிட்டியின் பதிலும் வந்தது. பல்லைப் பிடுங்க அனுமதி அளித்திருந்தார்கள்.

மறுநாள் பல்லைப் பிடுங்கியதும் நாற்காலியை விட்டு இறங்கிய குழந்தை, வாயில் பஞ்சோடு, உள்ளங்கையில் இருந்த பல்லைக் காட்டிக் கேட்டாள். "அம்மா, இத எதுல எழுதுவ? வரவுலயா, செலவுலயா?"

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

அவள் பெட்டியை நேற்றுதான் பிரித்தேன். அலுவலகம் பார்த்துத் திருப்பித் தந்த அந்த மாதப் படிவம் இருந்தது. செலவுப் பகுதியில் கடைசி வரியில், பேனாவால் அழுத்தி, 'முன்பல் ஒன்று' என்று எழுதியிருந்தாள். தொகைக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

பக்கத்தில் பென்சிலால் ஒரு 'சரி' போட்டிருந்தது.