பண்டாரவின் பெயரில் என் வாகனம்

போர்க்காலத்தில் கண்டியில் பழைய டீசல் ஃபோர்வீல் வாகனமொன்றை வாங்கினேன். பதிவுப் புத்தகத்தில் விற்றவரின் பெயரை வேண்டுமென்றே மாற்றவில்லை. பண்டார என்ற சிங்களப் பெயர் இருந்தால் சோதனைச்சாவடியில் தொல்லையிராது என்று நினைத்தேன்.

"உங்கட பேருக்கு மாத்துங்கோவன்," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத் தமிழன், புத்தகத்தில் பண்டார. திருட்டு வாகனமென்று சந்தேகப்பட்டு என்னை இருத்திவிட்டு, பண்டாரவுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் வரமாட்டார் என்றே நினைத்தேன்.

பண்டார பஸ்ஸில் வந்திறங்கினார். "வாகனம் இவருடையதுதான், நான் விற்றது," என்று சிங்களத்தில் சொல்லி என்னை மீட்டார்.

"ஏன் பெயர் மாற்றவில்லை?" என்று பண்டார என்னிடம் கேட்டார்.

"மறந்துபோனேன்," என்றேன்.

அவர் சிரித்தார். "நாளைக்கு நானும் வருகிறேன், மாற்றுவோம்."

அவருடைய பெயரை நம்பிய நான், அவரை நம்பாதது அப்போதுதான் உறைத்தது.