பேருக்குப் பின்னால் ஒரு நாடு

பெர்ம் நகரத்து மோட்டோவிலிகா பனித்தளத்தில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு விழக் கற்றுக்கொடுப்பதுதான் நோன்னா சூதினோவாவின் வேலை. சறுக்குவதெல்லாம் அப்புறம். முதலில் விழ வேண்டும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிறவரின் காலணிக் கத்தி விரலைப் பதம் பார்த்துவிடும். இதையே வருஷம் முழுக்கச் சொல்கிறாள். இப்போது வயது இருபத்தாறு. தடுப்புக்கு வெளியே கம்பளிக் கோட்டுகளோடு நிற்கும் தாய்மார்களில் யாராவது ஒருத்தி, "இவங்க பெரிய போட்டியில எல்லாம் ஆடினவங்களாமே?" என்று கேட்பாள். இன்னொருத்தி, "ஆடியிருந்தா இங்க எதுக்கு வந்து குந்தியிருக்கப் போறாங்க?" என்பாள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது.

அவள் அம்மா ஸோயா டிராம் ஓட்டுகிறவள். அப்பா லெவ் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டார்; வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதுவும் நின்றுபோனது. மிஞ்சியது அவள் பேரோடு ஒட்டிக்கொண்ட 'லிவோவ்னா', லெவின் மகள் என்பது மட்டும். அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையை எங்கே விடுவது? டிராம் நிறுத்தத்துக்கு எதிரே பனித்தளம் இருந்தது. ஐந்து வயதில் கொண்டுபோய் விட்டாள், அவ்வளவுதான். இதில் கனவு, லட்சியம் என்று ஒரு மண்ணும் கிடையாது.

கனவு பிறகு வந்தது, தொலைக்காட்சிப் பெட்டி வழியாக. எங்கோ வெளிநாட்டில் பெரிய அரங்கம். ஒருத்தி பனியின் நடுவுக்கு வருகிறாள். ஒலிபெருக்கி அவள் பேரைச் சொல்கிறது, கொஞ்சம் நிறுத்தி நாட்டின் பேரைச் சொல்கிறது, கூட்டம் எழுந்து கத்துகிறது. நோன்னாவுக்கு ஆட்டத்தைவிட அந்த அறிவிப்புதான் பிடித்தது. சமையலறை முக்காலிமேல் ஏறி நின்று, கரண்டியை வாயருகே பிடித்துக்கொண்டு, "நோன்னா சூதினோவா... ரஷ்யா!" என்று தானே அறிவித்துக்கொள்வாள். அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, "ரஷ்யா, கீழ இறங்குடி, காலு முறிஞ்சிரும்" என்பாள்.

பதினான்கு வருஷம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காலையில் எழுந்தாள் என்றால் அது மிகையில்லை. ஆனால் இந்த நாட்டில் பெண்கள் சறுக்கல் இருக்கிறதே, அதைப்போல ஈவிரக்கமில்லாத வரிசை உலகத்திலேயே கிடையாது. பன்னிரண்டு வயதுப் பொடிசு நான்கு சுற்றுத் தாவல் போடுகிறது. பதினேழு வயதில் முதுகு போகிறது, இடுப்பு போகிறது, பின்னால் இன்னொரு பொடிசு நிற்கிறது. நோன்னாவுக்கு மூன்று சுற்றுத் தாவல்கள் சுத்தமாக வரும். நான்கு வரவே இல்லை. பத்தொன்பது வயதில் நாட்டுத் தரவரிசையில் முப்பத்து மூன்றாவது இடம். அந்த முப்பத்து மூன்றைத் தூக்கி வேறு நாட்டில் வைத்தால் முதல் இடம். இங்கே அவளுக்குப் பேர், கிழவி.

அதுவும் எந்த வருஷங்கள்? வெளிநாட்டுப் போட்டிக் கதவுகள் நம் ஆட்களுக்கு அடைபட்டுக் கிடந்த வருஷங்கள். வரிசையின் தலையில் நிற்பவர்களுக்கே வழியில்லை. வாலில் நிற்பவளை யார் கேட்பது? அப்போதுதான் பலரும் செய்ததை அவளும் செய்தாள். கொடியை மாற்றிக்கொள்வதென்று முடிவெடுத்து, தன் ஆட்டங்களின் படப்பதிவுகளை நான்கு நாடுகளுக்கு அனுப்பினாள். யெரெவானிலிருந்து பதில் வந்தது. பெண்கள் பிரிவில் ஆர்மேனியாவுக்கு ஓரிடம் இருக்கிறது, வரலாம். ஆனால் ரஷ்யச் சங்கம் அவளை விடுவித்துத் தரும் காகிதத்தில் கையெழுத்தான நாளிலிருந்து ஒரு வருஷம், ரஷ்யாவின் பேரில் எந்தப் போட்டியிலும் ஆடியிருக்கக் கூடாது. ஆடினால் அந்த நாளிலிருந்து வருஷம் மறுபடி தொடங்கும். மாகாணப் பேரில் ஆடுகிற உள்ளூர்ப் போட்டிகள் கணக்கில் இல்லை.

"ஒரு வருஷம்தானே" என்றாள் அம்மா. "நான் இருபது வருஷமா ஒரே தண்டவாளத்துல போயிட்டு வர்றேன்."

பயிற்சியாளர் ரிம்மா அர்க்காதியெவ்னாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த அம்மாள் கெட்டவள் இல்லை, வாய்தான் நெருப்பு. "போறவ போகட்டும். பதினாலு வருஷம் நான் கத்திக் கத்தித் தொண்டை வத்தினது ஆர்மேனியாவுக்கா? போ, போய் அப்ரிகாட் தின்னு!" என்றாள். மறுநாள் மாகாண அணிப் பட்டியலில் பேர் இல்லை. அணிக்கு ஒதுக்கிய நேரத்தில் பனியும் இல்லை. குழுவின் கைபேசி அரட்டையிலிருந்து யாரோ நோன்னாவை நீக்கிவிட்டிருந்தார்கள். அதில் தினமும் வந்துகொண்டிருந்தவை எல்லாம் உப்புச்சப்பில்லாத ஜோக்குகள். அது நின்ற பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியானது என்று தெரிந்தது.

அந்த வருஷத்தை எப்படிச் சொல்வது? மதியம் ஹாக்கிக் கிழவர்கள் ஆடி முடித்துப் போன பனியில் பயிற்சி செய்தாள். ஹாக்கிக்கு இறுக்கி உறையவைத்த பனி. தாவி இறங்கினால் முழங்காலில் சுரீரென்று ஏறும். மாலையில் காவலாளி கண்டும் காணாமல் விட்டால் அணிப் பெண்களோடு ஓரமாகச் சறுக்கலாம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாருடைய இசை ஒலிக்கிறதோ அவள் இடுப்பில் சிவப்புப் பட்டை கட்டிக்கொள்வாள். பட்டை கட்டியவளுக்கு மற்ற எல்லோரும் வழிவிட வேண்டும். நோன்னாவின் இசையை யாரும் போடவில்லை. ஒன்பது வயதுக் குஞ்சு பட்டையோடு வந்தாலும் விலகி, தடுப்போடு ஒட்டி நின்றாள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஆர்மேனிய எழுத்துகளை ஒட்டிவைத்துப் படித்தாள். பேசிப் பார்க்க ஆள் வேண்டுமே! சந்தையில் பழம் விற்கும் அஷோத்திடம் போய் ஆர்மேனிய மொழியில் வணக்கம் சொன்னாள். அவர் முழித்தார். "பொண்ணே, நான் பொறந்தது இங்க, பெர்ம்லதான். எனக்கே அது வராது" என்று ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டு இரண்டு மாதுளம்பழம் கொடுத்தார். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மாலை அம்மாவுக்கு வண்டி முறை. நோன்னா சாலட்டை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டு அம்மாவின் டிராமில் ஏறி, ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினாள். வண்டியில் வேறு ஆளில்லை. புது வருஷம் அப்படித்தான் பிறந்தது.

ஏப்ரல் வந்தது. வருஷம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. நாட்காட்டியில் அவள் அடித்த கோடுகளை அம்மாவும் எண்ணத் தொடங்கியிருந்தாள்.

ரிம்மா அர்க்காதியெவ்னா உடை மாற்றும் அறைக்குள் வந்து நின்றாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவளே வந்து பேசினாள்.

"ஏய் கிழவி, நாளைக்கு நம்ம போட்டி. பிள்ளைங்க பிரிவுல ஒருத்திக்கு அம்மை போட்டிருச்சு. ஆறு பேர் ஆடலேன்னா யாருக்கும் தரம் கிடையாது. எண்ணிக்கைக்கு நில்லு."

எண்ணிக்கைக்கு நிற்பது எங்கள் பனித்தளங்களில் எல்லோரும் செய்கிற காரியம். ஆறு பேர் ஆடினால்தான் அந்தப் பிரிவில் தரப் புத்தகத்தில் முத்திரை விழும். முத்திரை இல்லாத பிள்ளைக்கு மாகாண அணியில் இடம் கிடையாது. ஆள் குறைந்தால் பெரியவள் ஒருத்தி போய் நிற்பாள், யாரும் மறுத்ததில்லை. நோன்னாவுக்குப் பன்னிரண்டு வயதில் முத்திரை விழுந்த நாளில், முழங்காலில் கட்டுப்போட்ட யாரோ ஒரு அக்கா அவளுக்காக வந்து நின்றாள். அந்த அக்காவின் பேர்கூட அவளுக்குத் தெரியாது.

"எந்தப் பேர்ல?" என்று கேட்டாள் நோன்னா.

"பெர்ம் மாகாணம்னுதான். வேற எந்தப் பேரு இருக்கு உனக்கு, மகாராணி?"

பின்னாலிருந்து தாஸ்யா எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயது, பல்லில் கம்பி, இந்த வருஷம் தரம் வாங்காவிட்டால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று அழுதுகொண்டு திரிந்தவள். "நில்லுங்கக்கா. நீங்க விழுந்தாக்கூடப் பரவாயில்ல. எல்லாம் ஆடி முடிச்சாப் போதும்."

"நான் விழுந்தா உனக்கு நல்லதுதானேடி" என்றாள் நோன்னா. மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே சம்மதித்தாள் என்று பிறகு ஒரு தடவை சொன்னாள்.

மறுநாள் காலையில் பச்சைச் சட்டை போட்ட இரண்டு புதுப் பெண்கள் காலணி கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான இஷெவ்ஸ்க் ஆட்களாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை, ஒரு வருஷமாக யாரையும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு முதல் எண். பயிற்சிச் சுற்றின்போது ஒலிபெருக்கி இருமிக்கொண்டே இருந்தது, ஒரு பேரும் கேட்கவில்லை. பனிக்குள் இறங்கும் வாசலில் தாஸ்யா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"ஒரு இறகும் கிடைக்காமப் போகட்டும்!"

நேராக வாழ்த்தினால் கண்ணுபடும் என்று இங்கே இப்படித் தலைகீழாகத்தான் வாழ்த்துவார்கள். இதற்கு ஒரே பதில்தான் சொல்ல வேண்டும். "சைத்தான்கிட்டப் போ!" என்றாள் நோன்னா. ஒரு வருஷமாகச் சொல்ல வாய்க்காத வசவு. நெஞ்சு நிறைந்துபோனது.

பனியின் நடுவை நோக்கிச் சறுக்கினாள். ஒலிபெருக்கி ஒருவழியாகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

"நோன்னா சூதினோவா..." கொஞ்சம் நிறுத்தம். "ரஷ்யா."

அவளுக்கு முதலில் புரிந்தது சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. பச்சைச் சட்டைப் பெண்கள் அண்டை நாட்டு மின்ஸ்கிலிருந்து வேறு பிரிவில் ஆட வந்திருந்தார்கள். வேறு நாட்டுக்காரர் வந்தால் ஊர்ப் போட்டி பன்னாட்டுப் போட்டியாகிவிடும். பட்டியலில் எல்லோர் பேருக்குப் பின்னாலும் மாகாணம் போய் நாடு வந்துவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ரிம்மா அர்க்காதியெவ்னா வாயில் கைவைத்தபடி நின்றாள். பட்டியலை மாற்றியதை அவளும் பார்க்கவில்லை என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பேர் கூப்பிட்ட அரை நிமிஷத்துக்குள் ஆரம்ப நிலையில் நிற்க வேண்டும். நிற்காமல் வெளியே போய்விட்டால் ஆடியதாகவே கணக்கில்லை. யெரெவான் பத்தொன்பது நாளில் வந்துவிடும். ஆனால் பிள்ளைகள் ஐந்து பேராகிவிடுவார்கள். வாசல் பத்தடி தூரம். தாஸ்யா கம்பிப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ரிம்மா அர்க்காதியெவ்னா 'வெளியே வா' என்று கையைக் காட்டினாள். ஆம், அவள்தான் காட்டினாள், அவள் மனசையும் சொல்லத்தான் வேண்டும்.

நோன்னா இடது காலைப் பின்னால் வைத்து, கையைத் தூக்கி நின்றாள். இசை தொடங்கியது.

பதினொரு தாய்மார்களும் ஒரு காவலாளியும் பார்க்க, அவள் வாழ்க்கையிலேயே நன்றாக ஆடியது அன்றுதான். ஒரு தாவலும் தவறவில்லை. பிள்ளைகளைவிட இருபது புள்ளி கூடுதல், முதல் இடம். ஆறு பேர் ஆனதால் முத்திரைகள் விழுந்தன. தாஸ்யா மூன்றாவதாக வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரிம்மா அர்க்காதியெவ்னா கிட்டே வந்து, "முட்டாள்" என்றாள்.

முடிவுப் பட்டியல் அன்று மாலையே இணையத்தில் வந்தது. யெரெவானிலிருந்து பத்து நாளில் கடிதம், மரியாதையான கடிதம். வருஷம் மறுபடி தொடங்குகிறது, ஓரிடம்தான் இருக்கிறது, மாஸ்கோப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் காத்திருப்பு முடிந்துவிட்டது, மன்னிக்கவும்.

அம்மா சீருடையைக்கூடக் கழற்றாமல் அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஏன்டி வெளிய வரல? கதவு தொறந்துதானே இருந்துச்சு?"

"பிள்ளைங்களுக்கு முத்திரை..."

"பொய் சொல்லாத. என்னப் பாத்துச் சொல்லு."

நோன்னா குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த எழுத்துகளைப் பார்த்தாள். "ரஷ்யான்னு சொன்னாங்கம்மா" என்றாள்.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தாஸ்யா பதினைந்து வயதில் தென்னைமரம் மாதிரி வளர்ந்துவிட்டாள், தாவல்கள் போயின, சறுக்கலை விட்டுவிட்டுப் பல் மருத்துவம் படிக்கப் போனாள். வழியில் பார்த்தால் கையசைப்பாள். நோன்னாவுக்கு முதுகு போனது அதற்கு முந்தின குளிர்காலம். பிள்ளைகளுக்காகச் செய்தேனா, அந்தச் சொல்லுக்காகச் செய்தேனா என்று அவளுக்கே இன்னும் தெரியாது. கேட்க வீட்டில் ஆளும் இல்லை. அம்மா மூச்சுக்குழாய் வியாதியில் போய் இரண்டு வருஷமாகிறது.

போன வாரம் ஒரு பொடிசு, விழுந்த இடத்தில் விரலை மடக்கியபடியே அண்ணாந்து கேட்டது: "நோன்னா லிவோவ்னா, நீங்க எந்த நாட்டுக்கு ஆடினீங்க?"

"ரஷ்யாவுக்கு."

"எத்தனை தடவ?"

"ஒரு தடவ."

"ஜெயிச்சீங்களா?"

"முதல் இடம்."

"ஐயோ! எங்க நடந்துச்சு? ரொம்ப தூரமா?"

நோன்னா குனிந்து அதைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய பனித்தூளைத் தட்டிவிட்டாள்.

"இங்கதான்" என்றாள். "நீ விழுந்த இடத்துல."