குளிரில் கிளம்பாத எஞ்சின்

கல்யாணமாகி நான் பெங்களூர் வந்த முதல் டிசம்பரில் என் கணவர் ஒரு குட்டிக் காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரிமோட்டில் ஓடுகிற கார்தான். ஆனால் பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அதற்குள் எலுமிச்சம்பழ அளவில் நிஜமான எஞ்சின் இருந்தது. நைட்ரோ எரிபொருளை ஊற்றி, பின்னால் இருக்கும் கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பும் என்றார். அலுவலக வேலையாக அமெரிக்கா போனபோது வாங்கி, சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் வீடு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம். ஞாயிறு காலைகளில் அவரும் இரண்டு நண்பர்களும் ஆனேக்கல் போகிற வழியில் ஒரு புது லேஅவுட்டுக்குப் போவார்கள். ரோடு போட்டு மனைக்கல் நட்டிருந்தார்களே தவிர வீடு ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார அலுத்துப்போய் ஒருநாள் நானும் கிளம்பினேன்.

அன்றைக்கு நல்ல குளிர். பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. நண்பர்களில் ஒருவர் பிரேசர் டவுன்காரர், இன்னொருவர் மைசூர்க்காரர். அவர்கள் கார்கள் இரண்டும் சற்று முரண்டு பிடித்துவிட்டுக் கிளம்பி, குளவி மாதிரி இரைந்துகொண்டு ஓடின. என் கணவரின் கார் மட்டும் அசையவில்லை. இழுத்தார், இழுத்தார், ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு இழுத்தார். கடைசியில் கயிறே நகர மறுத்தது.

நண்பர்கள் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"ஊசியை இன்னும் கொஞ்சம் தொற மச்சா. குளிருக்கு ஃப்யூயல் பத்தல," என்றார் பிரேசர் டவுன்காரர். ஊசி என்பது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு.

"இல்ல குரு, ப்ளக் ஹோய்த்து. வேற போடு," என்றார் மைசூர்க்காரர், போய்விட்டது என்பதை மட்டும் கன்னடத்தில் சொல்லி.

என் கணவர் ஊசியைத் திறந்தார், ப்ளக்கை மாற்றினார், மறுபடி ஊசியை மூடினார். எதைச் செய்தோம், எதைச் செய்யவில்லை என்று மூன்று பேருக்குமே நினைவில்லாமல் போயிற்று.

நான் அப்போது ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு மெஷின் தப்புத் தப்பாகக் காட்டினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற விடமாட்டார்கள். ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. அந்தப் பழக்கத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏங்க, ஒவ்வொண்ணா பாக்கலாமே. மொதல்ல கயிறு ஏன் நகரல?"

"உள்ள ஃப்யூயல் ரொம்பிடுச்சு. இழுத்து இழுத்து நான்தான் ரொப்பிட்டேன்."

"அப்ப அத வெளிய எடுங்க."

ப்ளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்துக் கயிற்றை இழுத்தார். உள்ளே தேங்கியிருந்தது பீய்ச்சியடித்து பிரேசர் டவுன்காரரின் புது ஷூவை நனைத்தது. அவர் குதித்த குதியில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்து, கழற்றிய ப்ளக்கை அதைச் சூடேற்றுகிற இக்னைட்டரில் வைத்துப் பார்த்தோம். கம்பி பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் எரிய வேண்டுமாம். அணையப்போகிற ஊதுபத்தி மாதிரி மங்கலாகச் சிவந்தது.

"ராத்திரி சார்ஜ் போட்டீங்களா?" என்றேன்.

"போட்டேனே." கொஞ்சம் யோசித்தார். "சுவிட்ச் போட்டேனான்னு தெரியல."

மைசூர்க்காரரின் இக்னைட்டரை வாங்கி வைத்தோம். அதே ப்ளக் ஜம்மென்று எரிந்தது. முக்கால்வாசிச் சிக்கல் அதுதான். ஆனாலும் ப்ளக்கைத் திரும்ப மாட்டி இழுத்தபோது எஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கிப் போயிற்று. தொட்டுப் பார்த்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரம் போல ஜில்லென்றிருந்தது.

"இவ்வளவு ஜில்லுனு இருந்தா எப்படிங்க கெளம்பும்? சூடு பண்ண வழியில்லையா?"

வீட்டில் ஹேர் டிரையர் இருந்தது. இங்கே கரன்ட் ஏது? அந்த நேரம் பார்த்து மைசூர்க்காரர் டீ வாங்கப் பைக்கில் மெயின் ரோட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பாலிதீன் கவரில் கொதிக்கக் கொதிக்க டீ. நான் அதைக் கையில்கூட வாங்கவில்லை. கர்ச்சீப்பில் சுற்றி அப்படியே எஞ்சின் தலையில் வைத்தேன், வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கிற மாதிரி.

"சிஸ்டர், அது குடிக்கறதுக்கு," என்றார் அவர் பரிதாபமாக.

"கொஞ்சம் பொறுங்கண்ணா."

ஒத்தடம் கொடுத்து முடிப்பதற்குள் என் கணவர் ரிமோட்டை அணைத்துவிட்டு, கை வலிக்கிறதென்று மணிக்கட்டை உதறிக்கொண்டு தள்ளிப் போனார். நான் காரைக் கையில் தூக்கிச் சும்மாதான் கயிற்றைப் பிடித்தேன். ஒரு இழு, இன்னொரு இழு. டர்ரென்று காதைக் கிழிக்கிற சத்தம்! பயந்துபோய்க் காரைக் கீழே வைத்துவிட்டேன். ரிமோட் அணைந்திருந்ததால் அது யார் பேச்சும் கேட்காத நிலையில் இருந்தது. வாலில் நீலப் புகையோடு பாய்ந்து போயிற்று.

"பிடி, பிடி!" என்று மூன்று ஆண்களும் ஓடினார்கள். கார் வட்டமடித்துத் திரும்பி அவர்களையே துரத்தியது. பிரேசர் டவுன்காரர் ஒரு மனைக்கல் மேல் ஏறி நின்றுகொண்டார். லேஅவுட் வாட்ச்மேன் ஷெட்டிலிருந்து வெளியே வந்து, "ஓடி ஹோய்த்து மேடம், ஓடி ஹோய்த்து!" என்று கைதட்டினார். கடைசியில் அது ரோட்டோர மணல் குவியலில் மூக்கைச் செருகிக்கொண்டு அங்கேயே நின்று கத்தியது. புகைக்குழாயை அடைத்தால் நின்றுவிடும் என்று எப்போதோ என் கணவர் சொல்லியிருந்தார். துப்பட்டாவை மடித்து அழுத்தினேன். அடங்கியது.

திடீரென்று அப்படியொரு அமைதி. என் கணவர் மூச்சிரைக்க வந்து நின்றார். கார் உடைந்துவிட்டதா என்று பார்ப்பார், இல்லை எனக்குக் கை சுட்டதா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஐயோ, நிறுத்திட்டியா? இப்பதாம்மா ஸ்டார்ட்டே ஆச்சு!"

நாலு பேரும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தோம். மணலைத் துடைத்து, ரிமோட்டை மறக்காமல் போட்டுவிட்டு இழுத்தேன். சூடாக இருந்த எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. அவர் ரிமோட்டை என் கையில் கொடுத்து, "நீயே ஓட்டு" என்றார். நேராக ஓட்டத் தெரியாமல் மறுபடியும் மணலில்தான் விட்டேன்.

குளிர்காலம் முடிகிற வரைக்கும் ஞாயிறுதோறும் மூன்று கார்களையும் கிளப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையதாயிற்று. மார்ச்சில் ஒரு பந்தயம் வைத்தோம். நான் கடைசியாகத்தான் வந்தேன். ஆனால் மற்ற இரண்டு கார்களும் மோதிக்கொண்டு தலைகீழாகச் சறுக்கியே கடந்ததால் எல்லைக் கோட்டை முழுசாக நாலு சக்கரத்தில் தாண்டியது நான் ஓட்டிய கார் மட்டும்தான்.

அதைக் கொண்டாட ஓசூர் ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குப் போய் மசாலா தோசை சொன்னோம். தோசையை வைத்த சப்ளையர், எங்கள் எண்ணெய்க் கைகளையும் புகை வாடை அடிக்கிற உடைகளையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"எந்த ஒர்க்‌ஷாப்பு அக்கா நீங்க?"