அப்பா காத்திருந்த திருவிருந்து

அப்பாவை மண்ணுக்குக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. நினைவுக் குறிப்பில் நல்லதை மட்டும் எழுது என்று அம்மா சொன்னார். ஆனால் அப்பாவின் கதையும் எங்கள் சபையின் கதையும் ஒன்றுதான். அதில் நல்லதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

அப்பா செய்யூர் பக்கம், பிறர் வயலில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். தாத்தா பிழைப்புக்காக ஆந்திரா போய், அங்கே மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். அவரால்தான் எங்கள் தெருவில் ஓலைக்கொட்டகையாக ஒரு சபை எழுந்தது. விவரம் தெரிந்த வயதில் ஏரியில் ஞானஸ்நானம். ஆயுதம் எடுக்கக் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, யார்மேலும் வழக்குப் போடக் கூடாது. அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு முன் ஒருவர் காலை ஒருவர் கழுவ வேண்டும். இருவருக்குள் மனஸ்தாபம் என்றால், அவர்கள் கழுவிக்கொள்ளும்வரை சபைக்கே திருவிருந்து கிடையாது. அடுத்தவர் வயலில் குனிந்தே காலம் தள்ளியவர்களுக்கு, தங்கள் காலையும் ஒருவர் தொட்டுக் கழுவுகிறார் என்பது சின்ன விஷயமா?

தாத்தாவுக்குப் பிறகு அப்பா சபையை நடத்தும் மூப்பரானார். மதுராந்தகத்தில் நெல் மண்டி வேலை; சபை ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். கோபமே வராது. பிடிவாதம் மட்டும், அப்பப்பா!

அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கியதுதான் எங்கள் குடும்பத்தின் முதல் நிலம். மனை போட வந்தவர்கள் அதில் கல் நட்டார்கள். பெரியப்பா கோர்ட்டுக்குப் போனார். கூண்டில் ஏறிச் சத்தியமும் செய்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அப்பா அவரை நிறுத்தினார்.

"அண்ணாத்த, சபை முன்னால தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிடு. நானே உன் கால கழுவறேன்."

"இன்னாடா தப்பு? அவன் நம்ம நெலத்துல கல்லு நட்டுகினு கீறான், நான் கைய கட்டிகினு ஜெபம் பண்ணணுமா?"

"நைனா அப்டித்தான சொல்லிட்டுப் போனாரு?"

"நைனாவுக்கு நெலம் ஏது? பறிகுடுக்க ஒண்ணும் இல்லாதவரு சொல்லிட்டாரு. போடா!"

அதோடு பெரியப்பா சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். வழக்கும் தோற்றது, நிலமும் போயிற்று. அப்பா திருவிருந்து மேசையை விரிக்கவே இல்லை. "மூப்பரே, உங்க அண்ணன் தம்பி சண்டைக்கு நாங்க ஏன் பட்டினி கெடக்கணும்?" என்று எதிர்வீட்டு அக்கா முகத்துக்கு நேராகக் கேட்டார். ஒவ்வொரு குடும்பமாக வேறு சபைகளுக்குப் போனது. வேலை பார்க்கும் கேளம்பாக்கத்திலிருந்து நான் லீவுக்கு வரும்போதெல்லாம் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே இருந்தன. விதியை ஒருமுறை தள்ளிவைத்திருந்தால் சபை பிழைத்திருக்கும். தள்ளிவைத்தால் அது நம் சபையே இல்லை என்பார் அப்பா. இரண்டும் உண்மை, அதுதான் கொடுமை.

கடைசி நாட்களில் மூச்சுத் திணறலோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கண் விழிக்கும்போதெல்லாம், "அண்ணன் வந்துச்சா?" என்று கேட்பார். பெரியப்பா வரவில்லை.

அடக்கத்துக்கு வந்தார். அம்மா பேசின் நிறையத் தண்ணீரை அப்பாவின் கால்மாட்டில் வைத்தார். பெரியப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் கழுவிடுவேம்மா. அவன் எழுந்து என் கால கழுவுவானா?" என்று சொல்லி, தண்ணீரைத் தொடாமல் தரையில் உட்கார்ந்து அழுதார்.

எங்களுக்குப் போதகர் இல்லாததால் அடக்க ஆராதனையை நடத்தித் தந்த பக்கத்து ஊர் சபைப் போதகருக்கும், குழி வெட்டிய தெருப் பிள்ளைகளுக்கும், சமைத்துப்போட்ட இந்துக் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றி. நன்றி சொல்லும் இடத்தில் இதை எழுதுவது முறையல்ல, ஆனாலும் எழுதுகிறேன். கழுவிக்கொள்ள வேண்டிய இருவரில் ஒருவர் போய்விட்டதால், விதிப்படி எங்கள் சபையில் இனி என்றைக்கும் திருவிருந்து கிடையாது. பெரியப்பா இப்போது ஞாயிறுதோறும் வருகிறார். அவரும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, பாட்டுப் பாடிவிட்டு எழுந்து போகிறார்கள்.