மூன்றாவது வரிசையிலிருந்து வந்த இரண்டாம் குரல்

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நான் ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சியில் ஒரு கல்லூரிக்குப் போய், இசை நாடகம் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டு படிக்கிறாயா, நாடகம் படிக்கிறாயா, ஏதாவது ஒன்றைச் சொல் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். இரண்டும்தான் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

கடைசி வருடத்தில் எங்களுக்கு மேல்நிலை இசைப் பயிற்சி என்று ஒரு பாடம் இருந்தது. ஓடிக்கொண்டே பாட வேண்டும், குடத்தைத் தூக்கிக்கொண்டே பாட வேண்டும், சண்டை போட்டுக்கொண்டே பாட வேண்டும். எது செய்தாலும் சுருதி நகரக் கூடாது. அதையெல்லாம்கூட ஒரு மாதிரி சமாளித்துவிட்டேன். என்னைப் படுத்தி எடுத்தது இரண்டாம் குரல்தான். ஒருத்தி பாட்டின் மெட்டைப் பாடுவாள். அதே நேரத்தில் இன்னொருத்தி அதற்குக் கீழே, அதோடு பொருந்துகிற வேறு சுரங்களைப் பாட வேண்டும். நானோ சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டவள். எல்லோரும் சேர்ந்து ஒரே மெட்டைப் பாடித்தான் பழக்கம். பக்கத்தில் ஒருத்தி மெட்டைப் பாடினால் என் காது அங்கே ஓடிவிடும், பின்னாலேயே குரலும் ஓடிவிடும்.

போதாததற்கு இன்னொரு வியாதி. நேராக நிறுத்த வேண்டிய சுரத்தை என் தொண்டை தானாகவே கொஞ்சம் வளைத்துவிடும். பயிற்சி தருகிற மேடம் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இது கச்சேரி இல்லம்மா. வச்ச சுரம் வச்ச இடத்துல நிக்கணும்" என்பார். பாட்டின் நடுவில் நீளமாக நிறுத்துகிற ஒரு சுரம் வரும். அங்கே மட்டும் அந்த வளைவு எத்தனை திட்டு வாங்கியும் போகவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு சுரத்தையே முனகிக்கொண்டு போவேன். காவிரிப் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டு நின்ற ஒரு நாள், பக்கத்து சீட்டு மாமி என் கையைப் பிடித்து, வயிறு வலிக்கிறதா கொழந்தே என்று கேட்டு, பையிலிருந்து ஓமத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அழகில் இருந்தது என் இரண்டாம் குரல்.

எனக்கு ஜோடியாக வாய்த்தவள் வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண். விவசாயக் குடும்பம். அவளும் அவள் அம்மாவும் ஊர் மாதா கோவிலின் பாடகர் குழுவில் பாடுகிறவர்கள். அங்கே இரண்டாம் குரல் என்பது ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மாதிரி சாதாரணம். அப்படியானால் அவளையே அதைப் பாடச் சொல்லலாமே என்று மேடத்திடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டேன். அவள் குரல் மேலே போகும், உன்னுடையது போகாது, அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். பாட்டின் உச்சியில் ஒரு வரி வரும். உண்மையிலேயே அது எனக்கு எட்டாத உயரம்.

இறுதித் தேர்வு என்பது ஒரு நாடகமே. வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்து உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். எங்கள் காட்சியில் அவள் அக்கா, நான் தங்கை. அக்கா வீட்டை விட்டுப் போகும்போது இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்று பாட வேண்டும். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாது. முதுகு ஏறி இறங்குவதை வைத்துத்தான் அவள் எப்போது மூச்செடுக்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டும். மாதக்கணக்காக இதைப் பழகியதில் அவள் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகப் பழக்கம் என்று கிண்டல் செய்வேன்.

எனக்கு அந்தத் தேர்வு மதிப்பெண் விஷயம். அவளுக்கு அப்படி இல்லை. பெண் மேடை ஏறுவது அவள் அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. இதில் நல்லபடியாகத் தேறினால் மேலே படிக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் எதுவும் பேசாமல் இருந்தார். நாடகத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டபோதும், கடலை பிடுங்குகிற நேரம், மாட்டை யார் பார்ப்பது என்று தட்டிக் கழித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அந்த அம்மா மேல் கோபமாக வந்தது.

ஒவ்வொரு சனி ஞாயிறும் அவள் ஊருக்குப் போகும்போது, என் வரியைப் போனில் பாடி அனுப்பச் சொல்லுவாள். வளைவோடு சேர்த்துப் பாடி அனுப்பிவிட்டு, அதைப் போட்டுக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறாளோ என்னவோ என்று நினைத்துக்கொள்வேன்.

தேர்வு நாள் வந்தது. சின்ன அரங்கம்தான், மைக் கிடையாது. எங்கள் காட்சி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. முதுகோடு முதுகு நின்றோம். முதல் வரியைப் பாடினாள், நான் கீழே சேர்ந்துகொண்டேன். இரண்டாவது வரிக்கு அவள் மூச்செடுக்க வேண்டிய இடம். அவள் முதுகு அசையவில்லை. பிறகு லேசாக நடுங்க ஆரம்பித்தது.

அழுகிறாள் என்று புரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியாது. மேடம் நிறுத்தாமல் கீபோர்டை வாசித்துக்கொண்டே இருந்தார். அப்போது என் குரல், இத்தனை நாள் எந்தப் பழக்கத்துக்காகத் திட்டு வாங்கியதோ அதையே செய்தது. தானாக ஓடிப்போய் அவள் மெட்டைப் பாட ஆரம்பித்தது. மெட்டு விழாமல் நின்றது. ஆனால் கீழே என் இடம் காலியாகிவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் அந்த உச்சி வரி வரும், அது எனக்கு எட்டாது, அதோடு கதை முடிந்தது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் எழுந்தது. மேடையிலிருந்து அல்ல, எதிரே மூன்றாவது வரிசையிலிருந்து. யாரோ ஒரு பெண்மணி உட்கார்ந்த இடத்திலேயே மெதுவாக என் இரண்டாம் குரலைப் பாடிக்கொண்டிருந்தார். வார்த்தை பிசகவில்லை. அந்த நீளமான சுரம் வந்தது. அதை அவர் லேசாக வளைத்தார். அது என் வளைவு. இந்த உலகத்தில் அந்த இடத்தை அப்படித் தப்பாகப் பாடுகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதுகில் அவள் முதுகு மெல்ல உயர்ந்தது. மூச்செடுத்தாள். உச்சி வரியைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு மேலே போனாள். நான் இறங்கி என் வரிக்கு வந்தேன். நான் வந்து சேர்ந்து ஒரு வரி நிலைத்து நிற்கும் வரை அந்தப் பெண்மணியும் கூடவே பாடினார். பிறகு, தூங்கிய குழந்தையைத் தோள் மாற்றிக் கொடுக்கிறது போலக் குரலைச் சன்னமாக்கி நிறுத்திக்கொண்டார். மீதிப் பாட்டை நாங்கள் இரண்டு பேருமே பாடி முடித்தோம்.

மதிப்பெண் போட வந்த அம்மா முதலில் கேட்டதே, அந்த மூன்றாவது குரல் யாருடையது என்றுதான். மூன்றாவது வரிசையில் அவள் அம்மா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க. என்னப் பாத்ததும் பாப்பா பாடாம நின்னுருச்சு, அதான்" என்றார். மதிப்பெண் போடுகிறவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அப்புறம், விழுந்த பாட்டை எழுப்பிக் கடைசி வரை கொண்டுபோனதற்கும் மதிப்பெண் உண்டு என்று மட்டும் சொன்னார். என் தோழி தேறிவிட்டாள். இப்போது சென்னையில் மேலே படித்துவிட்டு ஒரு நாடகக் குழுவில் இருக்கிறாள். அப்பாவும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரை தோழியின் அம்மாவோடு நடந்துபோனேன். மனசு கேட்காமல், என் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் அனுப்பியதைக் கேட்டுக் கேட்டு அவர்தான் வாரா வாரம் பெண்ணுக்கு ஜோடியாகப் பாடியிருக்கிறார். மாடு கட்டுகிற இடத்தில், அப்பா வயலுக்குப் போன பிறகு. வாய் திறக்காதவர் என்று நான் கோபப்பட்டேனே, அவர்தான். சரி, அந்த வளைவை ஏன் விட்டு வைத்தீர்கள், அது தப்பாயிற்றே என்றேன்.

அவர் நின்று என்னைப் பார்த்தார். "நான் கோவில்ல பாடுற மாதிரி நேராத்தாம்மா பாடுனேன். பாப்பாதான் விடல. அந்த எடத்துல அவ வளைப்பாம்மா, அதைக் கேட்டாத்தான் எனக்கு அடுத்த வரிக்கு மூச்சு வரும், அவ மாதிரியே பாடுன்னு பழக்கி விட்டுச்சு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது திருச்சி கே.கே. நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் நாடகமும் சொல்லித் தருகிறேன். வைத்த சுரம் வைத்த இடத்தில் நிற்க வேண்டும் என்று நானும்தான் அதட்டுகிறேன். ஆனால் ஏதாவது ஒரு பிள்ளை ஒரே இடத்தில் ஒரே தப்பை விடாமல் செய்தால், அதைத் திருத்துவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை எங்கே மூச்செடுக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.