கிணற்றடியில் நின்றுபோன சத்தம்

பத்து வயதில் ஒரு சினிமாவை நான் ஊமையாக்கிவிட்டதாக உறுதியாக நம்பினேன். நேற்று உத்திரமேரூர் பஸ்ஸில், செல்போனில் அதே பழைய படத்தைப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது. ஐம்பது வயதுக்காரன், எதையும் தொடவில்லை என்று காட்ட இரண்டு கைகளையும் தூக்கிவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று தெருவுக்கே ஒரு டிவி, வள்ளி அக்கா வீட்டில். ஞாயிறு மதியம், சினிமா பேசத் தொடங்கிய காலத்துப் படம். படத்தில் எல்லாரும் உரக்கப் பேசினார்கள், பாடினார்கள். அதுவும் போதாமல் நான் சத்தம் வைக்கும் குமிழைத் திருகினேன். அதே நேரம் கிணற்றடியில் நின்ற நாயகியிடம் ஒருவன் ஓடிவந்தான். அவள் கணவன் இறந்த சேதியைச் சொல்ல வாய் திறந்தான். வாய் அசைந்தது, சத்தமில்லை. குடம் விழுந்து உருண்டது, அதற்கும் சத்தமில்லை.

"இன்னாடா பண்ணே?" என்றார் நைனா.

"நான் தொடவே இல்ல நைனா," என்றேன், குமிழிலிருந்து கையை எடுக்காமலே.

நைனா டிவியின் தலையில் தட்ட எழுந்தார். வள்ளி அக்கா தடுத்தாள்.

"குந்துங்க மாமா. டிவிக்கு ஒண்ணும் ஆவல. அந்தப் பொண்ணுக்குக் காது அடச்சிப்போச்சி, அதான் நமக்கும் கேக்கல. எங்கூட்டுக்காரு போன சேதி வந்தப்போ எனக்கும் இப்டித்தான் இருந்துச்சி."

நைனா உட்கார்ந்தார். படத்தில் ஒரு காகம் கரைந்தது. அதற்கப்புறம்தான் நாயகியின் அழுகை கேட்டது.

நேற்று எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு நொடி. டிவி கெட்டிருக்கவில்லை. படம் எடுத்தவர் அந்த இடத்தில் ஒலியே வைக்கவில்லை.