கண்டக்குழி உப்புப் பாத்தி

இஸ்ஹாக்கின் த்ரீவீல் ஆட்டோவில் புதிதாக ஏறுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நானா, பாட்டு செட் பழுதா?" என்பதுதான். பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்! நுரைச்சோலையில் ஏறும்போது கேட்ட பாட்டுத்தான் கண்டக்குழியில் இறங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் யாரோ இருமுவார்கள், யாரோ விசிலடிப்பார்கள். கிட்டார் எங்கோ ஓடிப்போய் ஊளையிட்டுவிட்டுத் திரும்பி வரும்.

"பழுதில்ல தம்பி, இது லைவ்!" என்பார் இஸ்ஹாக், தானே மேடையில் நின்று வாசித்தது போன்ற பெருமையோடு.

அந்த பேண்டின் பெயர் சுழிக்காத்து. நீர்கொழும்புப் பக்கத்து நாலு பேர். ஸ்டூடியோவில் பதிந்த ஆல்பமும் ஒன்று உண்டு. இஸ்ஹாக் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மேடையில்தான் அவர்களுக்குப் பேய் பிடிக்கும். 'உப்புப் பாத்தி' என்று ஒரு பாட்டு. வரி இரண்டே இரண்டு. அதைப் பாடிவிட்டுப் பாட்டின் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். பிறகு அரைமணி நேரத்துக்கு அது எங்கே மேயும் என்று அவர்களுக்கே தெரியாது. கண்ணை மூடினால் மண்டைக்குள் பச்சையும் ஊதாவும் குழம்பிக் குழம்பி விரியும். ஒரு வெறும் பிளேன்டீயோடு இத்தனையும்!

ரசிகர்கள் ஒவ்வொரு பதிவையும் ஊர்ப்பெயரால்தான் சொல்வார்கள். மாத்தறை உப்புப் பாத்தியில் மழை இறங்கும். தகரக் கூரையோடு ட்ரம்ஸ்காரர் போட்டி போடுவார். குருநாகல் உப்புப் பாத்தியில் கரண்ட் போய், ட்ரம்ஸ் மட்டும் இருட்டில் தனியே ஓடும். கரண்ட் வந்ததும் கிட்டார் ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதுபோல் வந்து ஏறிக்கொள்ளும். அந்த இடம் வந்தால் இஸ்ஹாக் ஹோர்ன் அடிக்காமல் இருக்கமாட்டார். ரோட்டில் போகிற மாடு மிரளும்.

மனைவி பளீலாவுக்கு இதெல்லாம் பெரிய தலையிடி. "முடிக்கத் தெரியாதவங்கட பாட்டு. ஒரே பாட்ட எத்தன தரம்தான் கேக்கிற?"

"ஒரே பாட்டில்ல புள்ள, ஒவ்வொண்டும் வேற வேற!"

"எனக்கு எல்லாம் ஒண்டுதான்" என்று அவள் குசினிக்குள் போய்விடுவாள்.

இஸ்ஹாக்குக்கு ஒரே ஒரு மனக்குறை. பதிவுகளையெல்லாம் சேர்த்துவைக்கும் சிலாபத்து யூட், ரசிகர் குழுவில் அடிக்கடி சீண்டுவார்: "உப்பு விளையிறது உங்கட ஊர்ல. உப்புப் பாத்தி மட்டும் ஒண்டும் இல்லையே, இஸ்ஹாக் பாய்!" நுரைச்சோலையும் கண்டக்குழியும் கிடக்கிற புத்தளக் கரையில் சுழிக்காத்து ஒருநாளும் வாசித்ததில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

அப்படியிருக்க, கண்டக்குழி லொட்ஜ் ஒன்றில் சுழிக்காத்து வருகிறது என்றால் மனிதர் சும்மா இருப்பாரா? யூட்டுக்கு உடனே குரல்செய்தி அனுப்பினார்: "பதிஞ்சு தாறது நான். நீங்க இடத்த ஒதுக்கி வைங்க!" மைக்கையும் ரெக்கோடரையும் இரவல் வாங்கினார். காற்று இரையாமலிருக்க மகள் அஸ்ரியாவின் பழைய கம்பளித் தொப்பியை மைக்குக்கு மாட்டி, வலை காயப்போடும் கம்பில் உயரக் கட்டினார். வயரை இறக்கி, ரெக்கோடரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பளீலாவும் வந்தாள், கடலை தின்ன. த்ரீவீலை விட்டு இறங்கவில்லை.

வெயில் சாயும் நேரம் 'உப்புப் பாத்தி' தொடங்கியது. இஸ்ஹாக் பட்டனை அமத்திப் பதிவை ஓடவிட்டார். இரண்டு வரியும் முடிந்து, கயிறு அவிழ்ந்து, கிட்டார் மெல்ல ஏறிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலிலிருந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நாலு பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். "தொழுறவங்க தொழுதிட்டு வாங்க. நாங்க இங்கயேதான் நிப்போம்" என்றார் பாடகர்.

இஸ்ஹாக்கின் கைக்கு ஆயுள்காலப் பழக்கம் ஒன்று உண்டு. பாங்கு காதில் விழுந்தால் அது தானாகப் போய் செட்டை நிறுத்தும். அன்றும் அது சட்டைப் பைக்குள் போய்ப் பட்டனை அமத்தியது. அவருடைய நெஞ்சும் கண்ணும் பள்ளிப் பக்கம் இருந்தன. கை போனதை அவர் கவனிக்கவே இல்லை.

வயரைக் கழற்றிவிட்டுப் போய்த் தொழுதார்; ஓடிவந்து அதைப் பைக்குள்ளேயே சொருகிக்கொண்டார். யா அல்லாஹ், அதற்குப் பிறகு வந்ததை என்னவென்று சொல்வது! நிறுத்திய இடத்திலிருந்து பேஸ் கிட்டார் மட்டும் தனியே நடந்து வந்தது. கிட்டார் வெகுநேரம் காத்திருந்து, ஒரே ஒரு சுரத்தைத் தொட்டு, அதையே சுற்றிச் சுற்றி உயர உயரப் போனது. சனம் கத்த மறந்து நின்றது. இஸ்ஹாக் அழுதார். வெட்கப்படாமல் அழுதார். யூட்டின் வாயை ஆயுளுக்கும் அடைக்க இது ஒன்று போதும்!

கைதட்டல் ஓய்ந்ததும், பதிவை முடிக்கப் பையிலிருந்து ரெக்கோடரை எடுத்துப் பட்டனை அமத்தினார். சிவப்பு விளக்கு பற்றியது. அணையவேண்டியது பற்றியது.

அங்கேயே மணலில் குந்திவிட்டார். பதிவு பாங்கின் முதல் சொல்லோடு நின்றிருந்தது. பக்கத்துப் பொடியன்களின் ஃபோன்களையெல்லாம் கேட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் காற்றின் இரைச்சல்தான். மேடைக்கு ஓடினார். "என்ன வாசிச்சம் எண்டு எங்களுக்கே ஞாபகமில்ல பாய்" என்று கிட்டார்காரர் சிரித்தார்.

த்ரீவீலில் ஏறியவர் ஸ்டார்ட் பண்ணவில்லை. பளீலாவிடம் விஷயத்தைச் சொன்னார். ஊரெல்லாம் தேடினாலும் இனி அது கிடைக்காது.

பளீலா கடலைச் சரையை மடித்து வைத்தாள். பிறகு ஒரு மெட்டை மெல்ல முனகினாள். பேஸ் நடந்து வந்த அதே நடை.

இஸ்ஹாக் திரும்பிப் பார்த்தார். "அதுக்குப் பொறகு ட்ரம்ஸ் வந்திச்சு, என்ன?"

"இல்லவே இல்ல. ட்ரம்ஸ் வரல்ல. ட்ரம்ஸ்காரன் கம்பால ஸ்டாண்டத்தான் தட்டினான். அம்பாந்தோட்டை உப்புப் பாத்தியில தட்டினானே, அப்பிடி. ஆனா இது அத விட மெதுவு."

"அம்பாந்தோட்டையா? நீ அத எப்ப..."

"கதைச்சு நேரத்தப் போக்காதீங்க, மறந்திடும்" என்று அவள் முன்கம்பியில் விரலை வைத்தாள். "பட்டன அமத்துங்க. நான் தட்டுறன், நீங்க கிட்டார வாயால எடுங்க."

யூட்டின் சேமிப்பில் கண்டக்குழி உப்புப் பாத்தியின் இரண்டாம் பாதி இன்றைக்கும் இருக்கிறது. முதலில் கேட்பது ஒரு பெண்ணின் குரல்: "தொண்டையச் செருமாதீங்க, பதியுது."